ஹிட்லர் பழியை விகிதாசாரத்தின் மேல் போடாதீர்கள்

தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஹிட்லர் பெயர் வந்துவிடுகிறது. ஜெர்மனியில் வாக்கு விகிதத்துக்கேற்ப இடம் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் இருந்தது, அதனால்தான் நாஜிகள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள், தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே வெற்றி என்ற நம் முறை அங்கே இருந்திருந்தால் அந்தக் கட்சி முளையிலேயே கருகியிருக்கும் என்பது வாதம். கருத்தரங்க மேடையிலும் நாளேட்டின் நடுப்பக்கத்திலும் இது ஐயமற்ற வரலாற்று உண்மையைப் போலச் சொல்லப்படுகிறது. விஷயம் தெரியாதவர்கள் பேச்சு என்று ஒதுக்கவும் முடியாது. ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போன ஃபெர்டினாண்ட் ஹெர்மென்ஸ் 1941-ல் இதற்காகவே ஒரு பெரிய நூல் எழுதினார். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பரும் 1988-ல் விகிதாசாரத்தை எதிர்த்து எழுதினார்.

இந்த வாதம் தவறு என்பதோடு நில்லாமல் ஆபத்தானது என்றும் சொல்கிறேன். தீவிரவாதக் கட்சிக்குத் தொகுதி முறை காவல் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்கள், அது எப்போது கைமாறும் என்று பார்க்கத் தவறுகிறார்கள்.

முதலில் ஜெர்மனியின் எண்கள். 1928 மே தேர்தலில் நாஜிகள் வாங்கியது 2.6 சதவீதம், 12 இடங்கள். அப்போதும் அறுபதாயிரம் வாக்குக்கு ஓர் இடம் என்ற அதே விகிதாசாரம்தான். 1930 செப்டம்பரில் 18.3 சதவீதம், 107 இடங்கள். 1932 ஜூலையில் 37.3 சதவீதம், 608-ல் 230 இடங்கள். இந்த நான்கு ஆண்டுகளில் தேர்தல் முறை மாறவில்லை. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மனியைத் தாங்கிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடன் வற்றியது. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர் எண்ணிக்கை அறுபது லட்சம். பிரதமர் ப்ரூனிங் அந்த நேரம் பார்த்துச் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார், அதுவும் நாடாளுமன்றத்தைக் கேட்காமல், குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகள் மூலம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1932 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்று நடந்தது. அதில் விகிதாசாரம் கிடையாது. நாடு முழுக்க ஒரே தொகுதி, வெல்பவர் ஒருவர். ஹிண்டன்பர்க் 53 சதவீதம், ஹிட்லர் 36.8 சதவீதம். மூன்று மாதம் கழித்து விகிதாசார முறையில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 37.3. முறை நேர்மாறு, வாக்கு ஏறக்குறைய அதே. அப்படியானால் அந்த வாக்குகளை விகிதாசாரம் உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வது?

சரி, வாக்கு வந்தது வேறு காரணத்தால், ஆனால் தொகுதி முறை இருந்தால் 1928-லேயே அந்த 12 இடமும் கிடைக்காமல் கட்சி செத்திருக்கும் என்று ஹெர்மென்ஸ் தரப்பினர் சொல்வார்கள். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனைப் பாருங்கள். டென்மார்க்கை ஒட்டிய, மாடு வளர்ப்பும் சிறு விவசாயமும் நிறைந்த பகுதி. விலை சரிந்து, கடனுக்குப் பண்ணைகளும் மாடுகளும் ஜப்திக்கு வந்தபோது விவசாயிகள் கூட்டமாகத் திரண்டு ஏலத்தைத் தடுத்தார்கள். 1928-29-ல் அரசு அலுவலகங்களில் குண்டுகள் வெடித்தன. எந்தப் பழைய கட்சியும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. 1928-ல் நாஜிகளுக்கு அங்கே 4 சதவீதம், 1930-ல் 27, 1932 ஜூலையில் 51. தொகுதி முறை இருந்திருந்தால் அந்தப் பகுதியின் அத்தனை இடங்களையும் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஓரிடத்தில் திரண்டு நிற்கும் கட்சிக்குத் தொகுதி முறை தரும் பரிசு அது.

நாடு முழுவதையும் எடுத்தாலும் 1932 ஜூலையில் நாஜிகளின் 37.3-க்கு அடுத்து வந்த சமூக ஜனநாயகக் கட்சிக்கு 21.6 சதவீதம். கம்யூனிஸ்டுகளுக்கு 14.3. எதிர்ப்பு வாக்கு இப்படிச் சிதறிக் கிடக்க, முதலில் வருபவர் முப்பத்தேழு வாங்கினால் தொகுதி முறையில் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 44 சதவீதத்தைச் சற்றே தாண்டி 39-ல் 37 தொகுதிகளை வென்றது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. இதே கணக்கை பெர்லினில் போட்டால், ஹிட்லர் 1932 கோடையிலேயே, யார் தயவும் இல்லாமல், தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்திருப்பார். முறை வேறாக இருந்தால் கட்சிகளும் வேறு விதமாகக் கூட்டுச் சேர்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சமூக ஜனநாயகக் கட்சியும் கம்யூனிஸ்டும் அந்த ஆண்டுகளில் ஒரே வேட்பாளரை நிறுத்தியிருப்பார்கள் என்று அந்தக் காலத்தைப் படித்த யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்ததோ வேறு. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகள் 33.1 சதவீதத்துக்கு இறங்கினார்கள்; 584-ல் 196 இடங்கள். கட்சிக் கஜானா காலி, தலைவர்களுக்குள் பிளவு. விகிதாசாரம் அவர்களைப் பெரும்பான்மைக்கு வெகு தொலைவில் நிறுத்திவைத்திருந்தது. அந்த நேரத்தில்தான், 1933 ஜனவரி 4 அன்று, கொலோன் நகரத்தில் ஷ்ரோடர் என்ற வங்கியாளரின் வீட்டில் முன்னாள் பிரதமர் ஃபான் பாப்பன் ஹிட்லரை ரகசியமாகச் சந்தித்தார். தன்னை நீக்கிவிட்டுப் பிரதமராக வந்த ஷ்லைகரைக் கவிழ்க்க வேண்டும் என்பது பாப்பனின் கணக்கு. அடுத்த நான்கு வாரங்களில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் மகனையும் செயலாளரையும் வளைத்து, தேசியவாதக் கட்சித் தலைவர் ஹூகன்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு, ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பிரதமர் நாற்காலியில் அமர்த்தினார்கள். அந்த அமைச்சரவையில் நாஜிகள் ஹிட்லரையும் சேர்த்து மூன்று பேர்தான். நாஜி இடங்களையும் ஹூகன்பர்க் கட்சியின் இடங்களையும் கூட்டினாலும் நாடாளுமன்றத்தில் பாதி தேறாது. வாக்குப்பெட்டி கொடுக்காததை கிழட்டு ராணுவத் தளபதி ஹிண்டன்பர்க்கும் அவரைச் சுற்றியிருந்த மேட்டுக்குடியினரும் கொடுத்தார்கள். இந்த மனிதர்களின் பெயரை விட்டுவிட்டு வாக்கு எண்ணும் முறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம்.

1933 மார்ச்சில், கம்யூனிஸ்ட் தலைவர்களைச் சிறையில் தள்ளி, அடியாட்படையைத் தெருவில் அவிழ்த்துவிட்டு நடத்திய தேர்தலிலும் அவர்களுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம். விகிதாசாரம் அப்போதும் தனிப் பெரும்பான்மையைக் கொடுக்க மறுத்தது. அதனால்தான் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்கே வரவிடாமல் செய்து, கத்தோலிக்க மையக் கட்சியை மிரட்டியும் வாக்குறுதி கொடுத்தும் இழுத்து, நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் இயற்ற வழிவிட்ட அதிகாரமளிப்புச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியிருந்தது. எதிர்த்து வாக்களித்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

இத்தாலியில் நடந்தது இன்னும் வெளிப்படை. 1922 அக்டோபரில் முசோலினியைப் பிரதமராக்கியவர் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல். நாடாளுமன்றத்தில் அப்போது பாசிஸ்டுகள் முப்பத்தைந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். அவர்களும் 1921-ல் ஜியோலிட்டி தன் பட்டியலில் இடம் கொடுத்ததால் வந்தவர்கள். ஆட்சிக்கு வந்த மறு ஆண்டே முசோலினி விகிதாசாரத்தில் கை வைத்தார். அசெர்போ சட்டத்தின்படி, 25 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கி முதலில் வரும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். விகிதாசாரம் பாசிசத்துக்கு வசதியானது என்றால் பாசிஸ்டுகள் ஏன் அதை முதல் வேலையாக ஒழித்தார்கள்? 1924 ஏப்ரல் தேர்தலின் வன்முறையையும் மோசடியையும் மே 30 அன்று அவையில் எழுந்து நின்று அம்பலப்படுத்தினார் சோஷலிஸ்ட் தலைவர் மத்தேயோத்தி. ஜூன் 10 அன்று அவரைக் கடத்திக் கொன்றார்கள்.

அதே காலத்தில் விகிதாசாரம் இருந்த மற்ற நாடுகளைப் பற்றி ஹிட்லர் வாதக்காரர்கள் பேசுவதேயில்லை. நெதர்லாந்தில் 1937-ல் அந்நாட்டு நாஜிக் கட்சிக்கு 4.2 சதவீதம். டென்மார்க்கில் 1939-ல் 1.8 சதவீதம். நார்வேயில் குவிஸ்லிங்கின் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. பெல்ஜியத்தில் டெக்ரெல்லின் ரெக்ஸ் கட்சி 1936-ல் 11.5 சதவீதத்துக்கு ஏறி, 1939-ல் 4.4-க்கு விழுந்தது. எல்லாம் விகிதாசார நாடுகள். ஜெர்மன் டாங்கிகள் எல்லை தாண்டும்வரை இவற்றில் எதிலும் பாசிசம் ஆட்சியைப் பிடிக்கவில்லை.

இனி தமிழர் ரத்தத்தில் எழுதப்பட்ட கணக்குக்கு வருகிறேன். இலங்கையை விட்டுவிட்டு இந்த விவாதத்தைத் தமிழில் நடத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரிட்டனிடமிருந்து பெற்ற தொகுதி முறையை இலங்கை 1977 வரை வைத்திருந்தது. சிங்களப் பேரினவாதம் அரசின் கொள்கையாக ஆனது அந்த முறையின் கீழ்தான்.

1956-ல் பண்டாரநாயக்காவின் கூட்டணி 39.5 சதவீத வாக்கில் 95-ல் 51 இடங்களைப் பிடித்தது. ஐக்கிய தேசியக் கட்சி 27 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் 8 இடங்களில் நின்றது. பண்டாரநாயக்கா இடதுசாரிகளோடு போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்துகொண்டு பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளில்தான் நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பத்தில் நான்கு வாக்கில் கிடைத்த அறுதிப் பெரும்பான்மை அது. அதை வைத்துத்தான் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1956 ஜூன் 5 அன்று மசோதா அவைக்கு வந்தபோது காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் குண்டர்கள் அடித்து நொறுக்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. தீவிரவாதம் தனிக் கட்சியாக ஓரத்திலிருந்து வரவில்லை. தெற்கில் தொகுதிக்குத் தொகுதி சில ஆயிரம் சிங்கள வாக்கு இடம் மாறினால் ஆட்சி மாறும் என்ற நிலையில், இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றையொன்று விஞ்சப் பார்த்தன. தேர்தலுக்குச் சில மாதம் முன்புதான் ஐக்கிய தேசியக் கட்சியும் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்ற நிலைக்குத் தாவியிருந்தது. 1957-ல் பண்டாரநாயக்கா தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்ததும், எதிர்க்கட்சியிலிருந்த ஜே.ஆர். ஜயவர்தன அதற்கு எதிராகக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958-ல் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. தொகுதி முறை கட்சிகளை நடுநிலைக்கு இழுக்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. எந்த நடுநிலைக்கு? சிறுபான்மையின் வாக்கு தெற்குத் தொகுதிகளில் தேவையே இல்லாத நாட்டில், நடுநிலை என்பது பெரும்பான்மையினருக்குள் இருக்கும் நடுநிலை மட்டுமே.

1970 தேர்தல் முடிவைத் தொகுதி முறையின் ஆதரவாளர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 37.9 சதவீத வாக்கு, 17 இடங்கள். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 36.9 சதவீத வாக்கு, 91 இடங்கள். குறைந்த வாக்கு வாங்கியவருக்கு ஐந்து மடங்குக்கு மேல் இடங்கள். கூட்டணிக் கட்சிகளையும் சேர்த்து சிறிமாவோ அம்மையாரிடம் 151-ல் 116 இருந்தன. அந்த அவையே அரசியல் நிர்ணய சபையாக உட்கார்ந்து 1972 அரசியலமைப்பை எழுதியது. சிறுபான்மையினருக்கு எதிரான சட்டத்தைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு காணாமல் போயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை இடம் எழுதப்பட்டது. அதை வரைந்து முடித்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956-ல் சிங்களம் மட்டும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்தவர். நல்ல மனிதர்கள் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அவர் வாழ்க்கையைக் காட்டலாம்.

1977-ல் ஜயவர்தன 50.9 சதவீதத்தில் 168-ல் 140 இடங்களைப் பெற்றார். ஆறில் ஐந்து பங்கு! அந்தப் பலத்தில் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, அதே அவையின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். தன் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது ஆட்சியில் இருந்தது அந்த அவைதான். அடுத்த மாதம் ஆறாம் திருத்தத்தைக் கொண்டுவந்து, தமிழர் விடுதலைக் கூட்டணியினரை அவையிலிருந்து வெளியே தள்ளியதும் அதே அவைதான்.

விகிதாசாரம் வந்த பிறகு இலங்கை சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2004-ல் பிக்குகளின் ஜாதிக ஹெல உறுமய ஒன்பது இடங்களோடு உள்ளே வந்தது. 2010-ல் மஹிந்த ராஜபக்ச கட்சி தாவியவர்களைச் சேர்த்துக்கொண்டு பதினெட்டாம் திருத்தத்தை நிறைவேற்றினார். ஆனால் 37 சதவீதம் வாங்கி அரசியலமைப்பையே திருப்பி எழுதும் கூத்துக்கு அதன்பின் வழியில்லாமல் போனது. 60 சதவீதம் வாங்கிய ராஜபக்சவுக்கே மூன்றில் இரண்டு பங்கை எட்ட மற்றவர்களை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான். 1948-ல் மாலனின் தேசியக் கட்சிக்கு 37.7 சதவீதம், ஸ்மட்ஸின் ஐக்கியக் கட்சிக்கு 49.2 சதவீதம். இடங்கள் 70-க்கு 65. ஒரு சிறு கூட்டாளியின் 9 இடங்களோடு மாலன் ஆட்சியமைத்தார், இனஒதுக்கல் தொடங்கியது. ஏறக்குறைய வெள்ளையர் மட்டுமே வாக்களித்த அந்தத் தேர்தலில்கூட, வெள்ளையரில் பெரும்பான்மையினர் அதற்கு வாக்களிக்கவில்லை. 1860 முதல் நட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போய், டர்பனில் வீடும் கோயிலும் கட்டிய தமிழர் குடும்பங்கள் 1950-ன் குழுப் பகுதிகள் சட்டத்தால் பெயர்த்தெறியப்பட்டன. வாக்களிக்க உரிமையற்றிருந்த அவர்கள் தலைவிதியை நாட்டுப்புறத் தொகுதிகளின் எல்லைக் கோடுகள் எழுதின.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் வலுவான சான்று பிரான்ஸ். 1958-க்குப் பிறகு அங்கே ஒரே ஒரு முறை, 1986-ல், விகிதாசாரத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. லெ பென்னின் தேசிய முன்னணி 35 இடங்களோடு உள்ளே வந்தது. 1988-ல் பழைய இரண்டு சுற்று முறைக்குத் திரும்பியதும், ஏறத்தாழ அதே வாக்குக்கு ஒரே ஒரு இடம். பார்த்தீர்களா என்கிறார்கள். பார்த்தேன். 2024-ஐயும் பாருங்கள். ஜூன் 30 முதல் சுற்றில் அதே கட்சியின் வாரிசும் கூட்டாளிகளும் சுமார் 33 சதவீதம் வாங்கி, 577 தொகுதிகளில் 290-க்கும் மேற்பட்டவற்றில் முதலிடத்தில் நின்றார்கள். பெரும்பான்மைக்கு வேண்டியது 289. பிரிட்டனிலோ இந்தியாவிலோ போல அன்றே எண்ணிக்கை முடிந்திருந்தால், மூன்றில் ஒரு பங்கு வாக்கில் அவர்கள் அரசு அமைந்திருக்கும். இரண்டாம் சுற்றில் அவர்களை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது, இடதுசாரிகளும் மக்ரோன் தரப்பினருமாக இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் தாங்களாகவே போட்டியிலிருந்து விலகியதுதான். அடுத்த முறை அவர்கள் விலகுவார்கள் என்று எந்தச் சட்டமும் உறுதி கொடுக்கவில்லை.

தொகுதி முறை என்பது ஒரு மதகு. மூன்றில் ஒரு பங்கு வாக்கு சேரும்வரை சொட்டு நீரும் விடாது. சேர்ந்துவிட்டால் பாதி திறப்பது என்ற பேச்சே இல்லை.

விகிதாசாரத்தின் உண்மையான குறையையும் மறைக்க விரும்பவில்லை. சிறு தீவிரவாதக் கட்சி அவைக்குள் வந்து, ஆட்சி அமைப்பவரின் குடுமியைப் பிடித்துக்கொள்ள முடியும். இஸ்ரேலில் நடந்திருப்பது அதுதான். 2022 தேர்தலுக்குப் பின் தீவிர வலதுசாரி பென் க்விர் அமைச்சரானார். ஆனால் அதே இஸ்ரேல், அதே விகிதாசாரம், 1984: இனவெறி பேசிய கஹானே ஒரே இடத்தோடு உள்ளே வந்தார். அவர் பேச எழுந்தால் வலதுசாரி லிக்குட் உறுப்பினர்களே அவையை விட்டு வெளியேறினார்கள். 1985-ல் அடிப்படைச் சட்டத்தைத் திருத்தி, 1988-ல் அவர் கட்சியைப் போட்டியிடவே விடாமல் தடுத்தார்கள். பென் க்விர் உள்ளிட்ட கஹானே வழிவந்தவர்களை 2021-ல் மற்றொரு கட்சியோடு சேர்த்து வைத்து, அவைக்குள் வர வழி செய்தவர் அதே லிக்குட்டின் தலைவர் நெதன்யாகு. இடைப்பட்ட காலத்தில் குறைந்தபட்ச வாக்கு வரம்புகூட 1 சதவீதத்திலிருந்து 3.25-ஆக உயர்ந்திருந்தது. வரம்பை உயர்த்தியவர்கள் தடுக்க நினைத்தது எதை, நடந்தது என்ன என்று பாருங்கள்.

ஆகவே நம் கோபம் எங்கே திரும்ப வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பாப்பன்கள், ஹூகன்பர்க்குகள், கைகொடுத்துத் தூக்கிவிடும் பெரிய கட்சித் தலைவர்கள். யாரோடு எந்த நிலையிலும் ஆட்சியில் உட்கார மாட்டோம் என்று தேர்தலுக்கு முன்பே ஊரறியச் சொல்லும்படி கட்சிகளை வாக்காளர் கேட்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், முப்பது சதவீதத்தில் முழு ஆட்சியைத் தூக்கிக் கொடுக்காத முறை வேண்டும்.

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் 1930 ஜனவரியில் வில்ஹெல்ம் ஃப்ரிக் அமைச்சரானார். ஒரு ஜெர்மன் மாநில அரசில் நாஜி ஒருவர் அமைச்சரானது அதுவே முதல் முறை. சேர்த்துக்கொண்டவை அங்கிருந்த வலதுசாரிக் கட்சிகள். அதே துரிங்கியாவில் 2024 செப்டம்பரில் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி 32.8 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, ஒன்று கட்சிக்கு. 44 தொகுதிகளில் ஏஎஃப்டி வென்றது 29. அது மட்டுமே கணக்கு என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவர்கள் கையில். அவையின் மொத்தப் பலத்தைக் கட்சி வாக்கு விகிதாசாரமாகத் தீர்மானிப்பதால் கிடைத்தது 88-ல் 32. சில முக்கிய முடிவுகளைத் தடுக்க அது போதும், ஆள்வதற்குப் போதாது. மற்ற எந்தக் கட்சியும் அவர்களோடு சேரவில்லை. டிசம்பரில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் மாரியோ ஃபோய்க்ட், தன் கூட்டணிக்குச் சரிபாதி இடங்களே இருந்தும், எதிர்வரிசை இடதுசாரிகளின் வாக்கையும் பெற்று முதல்வரானார்.